இலக்கிய விழாவில் பேச விண்ணப்பிக்கிறவர்களுக்கு: என்ன பேசப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

இலக்கிய விழாக்களில் பேச விரும்புகிறவர்கள் எழுதும் கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கோபிசெட்டிபாளையத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வாசகர் வட்டத்தின் கடிதப் போக்குவரத்து என் பொறுப்புக்கு வந்தது. அதோடு, சுற்றுவட்டாரத்தில் நடக்கும் இலக்கிய நிகழ்வுகளின் பகல் அமர்வுகளுக்கு வருகிற விண்ணப்பங்களைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

பெரும்பாலான கடிதங்கள் இப்படித்தான் இருக்கும்: "நான் ஒரு கவிஞர். ஐந்து நூல்கள் எழுதியுள்ளேன். இன்னின்ன பட்டங்களும் விருதுகளும் பெற்றுள்ளேன். தங்கள் விழாவில் பேச ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." கூடவே மாலை அணிந்த புகைப்படம் ஒன்று. என்ன பேசப்போகிறார் என்பது மட்டும் கடிதத்தில் இருக்காது. எழுதியவர் நல்ல கவிஞராகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு விழாக் குழுவால் எதுவும் செய்ய முடியாது. நிகழ்ச்சி நிரலில் அச்சாக வேண்டியது ஒரு தலைப்பு. அந்தத் தலைப்பைக் குழுவே யோசித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டால், தலைப்போடு வந்த இன்னொரு கடிதத்துக்கு இடம் போய்விடும். தகுதியுள்ளவர்கள் இந்த ஒரு காரணத்தால் தவறிப்போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எந்த விழா, எந்த மேடை என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் கொங்குப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு விழா நடக்கிறது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழா ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி வரும். கோவையில் கொடிசியா வளாகத்துப் புத்தகத் திருவிழா பெரும்பாலும் ஜூலையில். திருப்பூர் புத்தகத் திருவிழா தை மாதக் குளிர் முடிவதற்குள் வந்துவிடும். சேலம், நாமக்கல், கரூர் என்று மாவட்ட நிர்வாகங்களும் இப்போது புத்தகத் திருவிழா நடத்துகின்றன. 2023இல் தமிழக அரசு கோவையில் சிறுவாணி இலக்கியத் திருவிழாவை நடத்தியது. டிசம்பரில் கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விருது விழா நடக்கிறது.

இவை ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. புத்தகத் திருவிழாவின் மாலை மேடைக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். பிள்ளைகள் இருப்பார்கள், வயதானவர்கள் இருப்பார்கள், மில் வேலை முடிந்து நேராக வந்தவர்கள் இருப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்களை ஒரு மணி நேரம் கட்டிப்போடத் தெரிந்த பேச்சாளர்களுக்கான இடம் அது. அழைப்பின் பேரில் நிரம்பும் மேடை. அங்கே இடம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதில் உழைப்பைச் செலவிட வேண்டாம் என்பேன். விஷ்ணுபுரம் விழா போன்றவற்றில் அழைக்கப்பட்ட எழுத்தாளரின் நூல்களை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து வாசகர்கள் கேள்வி கேட்பார்கள். அங்கே படித்துவிட்டுப் போய் ஒரு நல்ல கேள்வி கேளுங்கள். எழுதுகிறவர்களும் அமைப்பாளர்களும் நிறைந்த அரங்கில் நல்ல கேள்வி கேட்டவரை மறக்கமாட்டார்கள்.

விண்ணப்பத்துக்குக் கதவு திறந்திருக்கும் இடங்கள் வேறு. விழாக்களின் பகல் அமர்வுகள், உள்ளூர் எழுத்தாளர்களுக்கென ஒதுக்கும் நேரம், சிறுவர்களுக்கான கதை சொல்லல், கல்லூரித் தமிழ்த் துறைகள் நடத்தும் இலக்கிய விழாக்கள், கிளை நூலகங்களின் வாசகர் வட்டக் கூட்டங்கள். அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல விழாக்களில் விண்ணப்பப் படிவம் என்று ஒன்று கிடையாது. ஒருங்கிணைப்பாளருக்கு முறையாக ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதுவதுதான் விண்ணப்பம். விழாவுக்கு நான்கைந்து மாதங்கள் முன்பே எழுதுங்கள். ஆகஸ்ட் விழாவுக்கு மார்ச் மாதம் எழுதுகிறவரின் கடிதத்தை நிதானமாகப் படிக்க முடியும். ஜூலையில் வந்தால் அது பந்தல்காரர், அச்சகம், தங்குமிடம் என்ற பரபரப்புக்குள் சிக்கிவிடும்.

இனி தலைப்பும் சுருக்கமும். விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஈரோட்டில் மஞ்சள் ஏலத்தில் வியாபாரி மூட்டைகளை எல்லாம் அவிழ்த்துப் பார்ப்பதில்லை, மாதிரியைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். உங்கள் பேச்சுக்கு அந்த மாதிரி, நீங்கள் எழுதும் ஒரு பத்திச் சுருக்கம். "கொங்கு இலக்கியம்", "வாசிப்பின் அவசியம்", "இலக்கியத்தில் பெண்கள்" என்று வரும் தலைப்புகளை நான் தனியே எடுத்து வைத்துவிடுவேன். எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் யாரும் பேசக்கூடிய தலைப்புகள் அவை. நீங்கள் மட்டுமே பேசக்கூடியது எது என்று யோசியுங்கள். உங்கள் ஊர், உங்கள் தொழில், நீங்கள் பத்து முறை திரும்பத் திரும்பப் படித்த ஒரு நாவல், உங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) பாடிய ஒப்பாரி, இவற்றில் எங்கோ அது இருக்கிறது.

எப்படி எழுதலாம் என்று காட்ட ஒரு மாதிரியை நானே எழுதித் தருகிறேன். கொங்குப் பகுதியில் பாடப்படும் அண்ணன்மார் கதை என்ற நாட்டார் கதைப்பாடலைப் பற்றியது அது. படுகளம் என்பது அந்தக் கதையில் அண்ணன்மார் விழுந்து கிடக்கும் களம்.

தலைப்பு: "படுகளத்தில் தங்காள்: அண்ணன்மார் கதையைத் தங்கையின் பக்கமிருந்து கேட்பது".

சுருக்கம்: "பொன்னர், சங்கர் இருவரின் வீரக் கதையாகவே அண்ணன்மார் கதை நம் ஊர்களில் நினைவில் நிற்கிறது. ஆனால் உடுக்கையடித்துப் பாடும்போது, முடிவில் அண்ணன்மாரைத் தேடிப் படுகளத்துக்குப் போகிறவளும் அவர்களை எழுப்புகிறவளும் தங்காள்தான். 1965இல் காங்கயம் பக்கத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்து பின்னர் நூலாக வந்த வடிவத்தையும், எங்கள் ஊர்க் கோயிலில் இன்று பாடப்படும் வடிவத்தையும் அருகருகே வைத்து, தங்காளின் பேச்சு எங்கே நீள்கிறது, எங்கே சுருங்கிவிட்டது என்று காட்டுவேன். இரண்டு சிறு பகுதிகளை ஒலிக்கவிடுவேன். பேச்சு 30 நிமிடம், கேள்விகளுக்கு 10 நிமிடம். கதையை முன்பே அறியாதவர்களும் பின்தொடரலாம்."

இதைப் படிக்கும் குழுவுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடுகிறது. பொருள் என்ன, புதிதாக என்ன சொல்லப்போகிறார், எதை ஆதாரமாக வைத்துப் பேசுகிறார், எவ்வளவு நேரம், யாருக்காக, ஒலிபெருக்கியோடு வேறு என்ன கருவி தேவை என்று எல்லாமே ஒரு பத்தியில் தெரிகின்றன. "தங்களின் மேலான சமூகத்துக்கு" என்றெல்லாம் தொடங்க வேண்டியதில்லை. "ஆய்வு செய்ய உள்ளேன்" என்று எதிர்காலத்தில் எழுதாதீர்கள். படித்து முடித்ததை, கேட்டு முடித்ததை மட்டும் எழுதுங்கள். சுருக்கம் 150 சொற்களுக்குள் இருந்தால் போதும். எழுதியதை வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "அப்புறம் என்ன?" என்று அவர் கேட்டால் சுருக்கம் சரியாக இருக்கிறது. "சரி, நல்லது" என்று எழுந்து போய்விட்டால் மறுபடி எழுதுங்கள்.

எழுத்தாளராக இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் எண்ணம். பள்ளிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெண் அனுப்பிய கடிதம் இன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விசைத்தறிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவர். நூல் எதுவும் வெளியிட்டதில்லை. இரவெல்லாம் தறி ஓடும் வீட்டில் ஒருவர் நாவல் படிப்பது எப்படி நடக்கிறது, அந்தச் சத்தத்துக்குள் எந்த மாதிரி உரைநடை மனதில் நிற்கிறது, எது நழுவிப் போகிறது என்று பேசுகிறேன் என்று எழுதியிருந்தார். படித்தவற்றில் மூன்று நாவல்களின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணமும் இருந்தன. அவ்வளவுதான் கடிதம். குழுவில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அவருடைய அமர்வில் கேள்வி கேட்க எழுந்த கைகளை எண்ணி முடிக்க முடியவில்லை. வாசகராக விண்ணப்பிக்கும்போது "நான் வெறும் வாசகர்தான்" என்று எழுத வேண்டாம். "இருபது ஆண்டுகளாகச் சிறுகதைகள் படித்து வருகிறேன்" என்பது முழுத் தகுதி.

எல்லா விழாக்களிலும் ஆள் கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. நெறியாளர். மூன்று எழுத்தாளர்களை மேடையில் உட்காரவைத்துப் பேசவைக்கிற வேலை. பேச ஆசைப்படுகிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். மூவரின் நூல்களையும் முழுதாகப் படித்துவிட்டு வந்து, நல்ல கேள்வி கேட்டு, தான் குறைவாகப் பேசி, நேரத்துக்கு முடித்துக்கொடுக்கிறவர்கள் மிகக் குறைவு. நல்ல நெறியாளர் அமையாததால் மூன்று அருமையான படைப்பாளிகள் மூன்று தனிச் சொற்பொழிவுகளாக உட்கார்ந்து எழுந்து போனதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

நெறியாளராக வர விரும்பினால் ஓர் அமர்வை முழுமையாகத் திட்டமிட்டு அனுப்புங்கள். அமர்வின் தலைப்பு, பங்கேற்கும் மூவர், அவர்களை ஏன் ஒன்றாக உட்காரவைக்கிறீர்கள், நீங்கள் கேட்கப்போகும் நான்கு கேள்விகள். "வாய்க்கால் பாசனமும் கதைகளும்" என்று ஓர் அமர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்பவானி வாய்க்கால் கரையில் வளர்ந்த ஒரு நாவலாசிரியர், காளிங்கராயன் வாய்க்கால் வயல்களைப் பற்றி எழுதிய ஒரு கவிஞர், பாசன வரலாறு அறிந்த ஒரு விவசாயி. மூன்றாவது ஆளாக எழுத்துலகுக்கு வெளியிலிருந்து ஒருவர் இருந்தால் உரையாடல் உயிர்பெறும், அதை அடிக்கடி கண்டிருக்கிறேன். அந்த மூவரிடமும் முன்பே பேசி ஒப்புதல் வாங்கிய பிறகே பெயர்களை எழுதுங்கள். கேட்காமல் பெயர் போட்டு அனுப்பும் கடிதங்கள் வருகின்றன. அழைத்துப் பார்த்தால் அவர்களுக்குச் செய்தியே தெரியாது. அதன் பிறகு அந்த விண்ணப்பதாரரின் மற்ற சொற்களையும் குழு நம்பாது.

கேள்விகளை எழுதும்போது "உங்கள் எழுத்துப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதைத் தவிர்த்துவிடுங்கள். நூலின் ஒரு பக்கத்தைச் சுட்டி, இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேளுங்கள். பார்வையாளரில் ஒருவர் கேள்வி என்று எழுந்து ஒரு சொற்பொழிவைத் தொடங்கிவிட்டால் மரியாதையோடு நிறுத்தத் தெரிய வேண்டும். "ஐயா, உங்கள் கேள்வியை மட்டும் சொன்னால் இவர் பதில் சொல்ல நேரம் கிடைக்கும்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

உங்களைப் பற்றிய குறிப்பு 60 சொற்களைத் தாண்ட வேண்டாம். பெயர், ஊர், தொழில், முக்கியமான இரண்டு நூல்கள் இருந்தால் அவை, பேசப்போகும் பொருளோடு உங்களுக்கு உள்ள தொடர்பு. பெயருக்கு முன்னால் வரும் பட்டங்களை விட்டுவிடுங்கள். புகைப்படம் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒன்று போதும். அழைப்பிதழில் அச்சிட அதுதான் பயன்படும்.

நீங்கள் பேசிக் கேட்டிராத குழுவுக்கு ஒரு ஐந்து நிமிடக் காணொலி பெரிய உதவி. கைபேசியில் எடுத்தாலே போதும். ஆனால் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை முகத்துக்கு அருகில் வைத்து எடுங்கள். இதுவரை எங்கும் பேசியதில்லை என்றால், உங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் முதலில் பேசுங்கள். நூலகரிடம் போய்க் கேட்டால் மகிழ்ச்சியோடு ஒரு தேதி கொடுப்பார். பதினைந்து பேர் முன்னால் பேசிப் பார்த்தவருக்கும் பேசாதவருக்கும் மேடையில் வித்தியாசம் தெரியும்.

கடிதத்தை அனுப்பும் முறையிலும் சில செய்திகள். யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு எங்கள் கணினியில் திறக்கும்போது வெறும் குறியீடுகளாக வரும். கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றி இணைப்பதோடு, சுருக்கத்தை மின்னஞ்சலுக்குள்ளேயும் ஒட்டிவிடுங்கள், பஸ்ஸில் போகும்போதும் படிக்க முடியும். மின்னஞ்சலின் பொருள் வரியில் உங்கள் பெயரையும் அமர்வின் தலைப்பையும் எழுதுங்கள். "விண்ணப்பம்" என்று மட்டும் எழுதினால் பிறகு தேடி எடுக்கவே முடியாது. மூன்று வாரத்தில் பதில் வரவில்லை என்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வணக்கம் அனுப்புவது நினைவூட்டல் ஆகாது.

சிபாரிசு வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் சொல்லிவைப்பதும், உறவுமுறையைச் சொல்லி அழைப்பதும் நம் பக்கத்தில் வழக்கமாக இருக்கிறது. அப்படி வருகிற ஒவ்வோர் இடமும், யாரையும் தெரியாமல் தாளவாடி மலையிலிருந்து கடிதம் போட்ட ஒரு பிள்ளையின் இடம். உங்கள் சுருக்கம் நன்றாக இருந்தால் சிபாரிசு தேவையில்லை.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். பயணச் செலவு தருவார்களா, மதிப்பூதியம் உண்டா, வெளியூரிலிருந்து வந்தால் தங்க இடம் ஏற்பாடு செய்வார்களா என்று தேர்வான பிறகு எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சிறிய அமைப்புகளால் முடியாமல் போகலாம். அதை நேராகச் சொல்லிவிடுவார்கள். பேசுவதற்கு உங்களிடம் பணம் கேட்கிற விழாவுக்கு மட்டும் போகாதீர்கள். "பங்கேற்புக் கட்டணம் செலுத்தினால் மேடையும் விருதும்" என்று வரும் அழைப்புகளை நான் அப்படியே அழித்துவிடுகிறேன், நீங்களும் அழித்துவிடுங்கள்.

பெண்கள் தங்கள் அமர்வு எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதலாம். அந்தியூருக்கோ தாராபுரத்துக்கோ திரும்ப வேண்டியவருக்கு இரவு எட்டரை மணி அமர்வு கொடுத்தால் அவர் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே பேச வேண்டியிருக்கும். பகல் நேரம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும், படிகளில் ஏற முடியாது, காது சரியாகக் கேட்காது என்பவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்தால் செய்து கொடுக்க முடியும்.

தேர்வாகவில்லை என்ற பதில் வந்தால், நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். கூடவே, கடைசி நேரத்தில் யாராவது வர முடியாமல் போனால் உங்களை அழைக்கலாம் என்றும் குறிப்பிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் வரும், யாரோ ஒருவர் வீட்டில் துக்கம் நேரும். அப்போது குழு முதலில் தேடுவது அந்த இரண்டு வரிக் கடிதங்களைத்தான். அடுத்த ஆண்டு அதே சுருக்கத்தை அப்படியே அனுப்பாமல், இடையில் படித்ததைச் சேர்த்துப் புதுப்பித்து அனுப்புங்கள்.

தேர்வாகிவிட்டால் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் உங்கள் பெயர், முன்னெழுத்து, தலைப்பு மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு முறை கேட்டுச் சரிபாருங்கள். நூல் எழுதியவராக இருந்தால் பதிப்பகத்துக்கு உடனே சொல்லி, விழாவில் அவர்களுடைய கடையில் உங்கள் நூல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சைக் கேட்டுவிட்டு நூலைத் தேடி வருகிறவர், புத்தகத் திருவிழாவில் 10 சதவீதத் தள்ளுபடியில் அங்கேயே வாங்கிவிடுவார். வீட்டுக்குப் போய் வரவழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

30 நிமிடம் என்று சொல்லியிருந்தாலும் 15 நிமிட வடிவம் ஒன்றையும் தயார் செய்துகொள்ளுங்கள். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து ஒலிவாங்கி உங்கள் கைக்கு வரும்போது பாதி நேரம் போயிருக்கக்கூடும். அப்போது எதை விடுவது என்று மேடையில் நின்று யோசித்தால் பேச்சு சிதறிவிடும். எந்தப் பகுதி கட்டாயம், எந்தப் பகுதியை விடலாம் என்று வீட்டிலேயே தாளின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அமர்வுக்கு அரை மணி நேரம் முன்பே போய், ஒலிவாங்கியில் இரண்டு வாக்கியம் பேசி, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரச் சொல்லித் தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு எதையாவது ஒலிக்கவிடுவதாக இருந்தால் அதையும் அந்த நேரத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள்.